இரண்டாவது நம்பர்

அந்த வீட்டில் செல்போன் குடியிருந்தது சமையலறை ஜன்னலில், ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள். வேறெங்கே வைத்தாலும் டவர் கிடைக்காது. கூடத்தில் வைத்தால் ‘சேவை இல்லை’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். படுக்கையறையில் ஒரு கோடு தலைகாட்டும், ஆள் பார்க்கிறது தெரிந்ததும் ஓடிவிடும். ஜன்னல் விளிம்பில் டம்ளரில் நிற்கவைத்து, லேசாக வலப்பக்கம் சாய்த்தால் மட்டும் ஒரே ஒரு கோடு நிலையாக நிற்கும். மூன்று பக்கமும் உயரமான கட்டடங்கள் எழும்பிவிட, நடுவில் அகப்பட்டுக்கொண்ட பழைய மாடி வீடு அது. அதன் கீழ்ப்பகுதிக்கு ஒரு கோடே அதிகம் என்று கம்பெனிக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். புகார் கொடுத்தால், ‘உங்கள் பகுதியில் சேவை சிறப்பாக உள்ளது’ என்று பதில் வரும். அந்தப் பதிலைப் படிக்கவும் ஜன்னலுக்குத்தான் போக வேண்டும்.

மற்றவர்கள் வீடாக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இந்த வீட்டுக்கு ஒரு போன் வர வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சுற்றிலும் நின்று டவரை மறைக்கிற கட்டடங்களில் பாதிக்கு லிஃப்ட் மாட்டி ஓடவிட்டதே அவர்தான். இப்போது சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட, வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் கட்டிலில் கழிகிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் வரிசையில் அவர் பெயர் நகர்ந்து நகர்ந்து, இனி எந்த நாளும் கூப்பிடலாம் என்கிற இடத்துக்கு வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த வரிசையைக் கவனிக்கும் அம்மாள் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தாள்.

“யாரோ ஒருத்தர் போய், அவங்க வீட்டுல சம்மதிச்சு, அதுக்கப்புறம்தான் உங்களைக் கூப்பிடுவோம். கிட்னி உங்களுக்காகக் காத்துட்டு இருக்காது. அரை மணி நேரம் திரும்பத் திரும்ப அடிச்சுப் பாப்போம். எடுக்கலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். அப்புறம் எங்களைக் கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவிச்சுக்க மாட்டோம்மா. எடுத்துருவோம்,” என்றார் மெக்கானிக்.

“எதுக்கும் இன்னொரு நம்பர் குடுங்க. ஒண்ணு கிடைக்கலேன்னா இன்னொண்ணுல பாப்போம்.”

அவர் மனைவியிடமும் போன் இருந்தது. ஆனால் அதுவும் அதே வீட்டில், அதே ஜன்னலை நம்பிப் பிழைக்கிற போன். ஆகவே மாடியில் இருக்கும் அக்காவின் நம்பரைக் கொடுத்தார்கள். மாடியில் டவர் கொஞ்சம் தேவலை. தவிர, அந்த அக்கா எப்போதும் போனும் கையுமாகத்தான் இருப்பாள். அவள் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொடும்போது மட்டும் கூப்பிடுவார். அது காலையா மாலையா என்று யாருக்கும் தெரியாது. “உங்க போனும் என் போன் மாதிரிதான். வந்தா படியிலே உருண்டாவது வந்து சொல்லிருவேன்,” என்று மாடி அக்கா சொல்லியிருந்தாள்.

மெக்கானிக்கின் மனைவி தையல்காரி. புதுத் துணி தைக்கிற வேலை குறைவு. கால்சட்டை நீளம் குறைப்பது, பள்ளிக்கூடச் சீருடையை இடுப்பில் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது, இவைதான் அவளுக்கு வரும். போனைக் காவல் காக்க வேண்டும் என்று தையல் மெஷினையே சமையலறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் மெஷின், நடுவில் டம்ளருக்குள் போன். கடைக்குப் போக வேண்டுமானால் அவரைக் கொண்டுவந்து ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுப் போவாள். குளிக்கப் போகும்போதும் அப்படித்தான். “குழம்பு பொங்குதான்னு பாக்கற மாதிரி என்னைப் போனைப் பாக்க வெச்சுட்டியே,” என்பார். டயாலிசிஸ் முடிந்து வந்த நாளில் அவரால் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார முடியாது, சுவரில் சாய்ந்துகொண்டே டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கும்போது பொங்கி வரும் அழுகையை என்ன செய்வதென்று தெரியாமல், “எண்ணெய் தெறிக்குது, தள்ளி உக்காருங்க,” என்று எரிந்து விழுவாள்.

வாடிக்கையாளர்களுக்கும் எரிச்சல்தான். தாளித்த வாசனையோடு கால்சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போக யாருக்குப் பிடிக்கும்? இன்டர்நெட் லைன் இழுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், கேபிள்காரன் சந்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த மாசம் என்பான். அவனுடைய அடுத்த மாசம் எப்போதும் அடுத்த மாசமாகவே இருந்தது.

தையல்காரியின் தம்பி பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். ஒருநாள் தன் வேனிலேயே தனக்கு வந்த பார்சலாக ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். உள்ளே செங்கல் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, இரண்டு ஆன்டெனா, ஒரு சுருள் கறுப்பு ஒயர்.

“பூஸ்டர்,” என்றான். “வெளிய ஒரு ஆன்டெனா. அது டவர்லேருந்து வாங்கும். இந்தப் பொட்டி அதைப் பெருசாக்கும். உள்ள இருக்கற ஆன்டெனா வீட்டுக்குள்ள குடுக்கும். அவ்வளவுதான் மாமா. ஆனா ரெண்டு ஆன்டெனாவும் பக்கத்துல பக்கத்துல இருக்கக் கூடாது.”

“ஏன் மாப்ள, மாமியாரும் மருமகளுமா?”

“அப்படித்தான் வெச்சுக்கங்களேன். மைக்கை ஸ்பீக்கர்கிட்ட கொண்டுபோனா கொய்ங்னு கத்தும் பாருங்க, அது மாதிரி ஒண்ணோட ஒண்ணு கத்திக்கும். தள்ளித் தள்ளி இருந்தா ரெண்டுக்கும் மரியாதை.”

சமையலறை ஜன்னலுக்கு மேலே இருந்த சன்ஷேடில் ஏறி வெளி ஆன்டெனாவைக் கட்டினான். ஒயரை வீடு முழுக்க ஓரம் பிடித்து இழுத்துவந்து, உள் ஆன்டெனாவை வாசல் பக்கம் கூடத்துச் சுவரின் கடைசியில் பொருத்தினான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கூடத்தில் மூன்று கோடு. மெக்கானிக், மனைவியின் போனிலிருந்து தன் போனுக்கு அடித்தார். கூடத்தில் மணி அடித்தது. அந்த வீட்டின் கூடத்தில் போன் மணி அடித்தது அதுதான் முதல் தடவை. மூவரும் அதை எடுக்காமல் கடைசி வரை கேட்டார்கள்.

“ரொம்ப வெளிய சொல்லிட்டு இருக்காதேக்கா,” என்றான் தம்பி கிளம்பும்போது. “இதுக்கெல்லாம் கம்பெனிகிட்ட அனுமதி வாங்கணும்கறாங்க. வீட்டு ஓனர் காதுல விழுந்தா கழட்டச் சொல்லிருவாரு.”

தையல் மெஷின் கூடத்துக்குத் திரும்பியது. கால்சட்டைகளுக்குத் தாளிப்பு வாசனை போயிற்று. தையல்காரி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தைத்தாள். இதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

படுக்கையறையில் இரண்டு கோடு காட்டியது. இரண்டு போதுமே என்று நாமெல்லாம் இருந்துவிடுவோம். மெக்கானிக்கால் முடியவில்லை. நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பது அந்த அறையில்தான். போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அந்த இரண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மழை இருட்டிய ஒரு நாள் அது ஒன்றாகி, பிறகு இரண்டாகியது. அந்த ஒன்றான நேரத்தில் போன் வந்திருந்தால்? அவர் பயந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருக்கிற மனிதர், தன் பயத்துக்கு மட்டும் எதுவும் கிடைக்காமல் தவித்தார். பெண்டாட்டியிடம் சொன்னால் அவளும் பயப்படுவாள் என்று உள்ளேயே வைத்துக்கொண்டார்.

தையல்காரி நூல் வாங்கப் போயிருந்த ஒரு காலையில், தன் பழைய கருவிப்பையைத் திறந்து வேலையில் இறங்கினார். பெட்டியையும் உள் ஆன்டெனாவையும் கூடத்திலிருந்து கழற்றி, படுக்கையறையில் தன் தலைமாட்டுச் சுவரில் பொருத்தினார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அதன் ஜன்னலுக்கு மேலேதான் வெளி ஆன்டெனா. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகு இருந்தது. தம்பி அதைப் பாதியில் நிறுத்தியிருந்தான். இவர் முழுக்கத் திருகினார். ஐந்து கோடும் எழுந்து நின்றன.

கூடவே பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. இந்த இடத்தில் எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வருகிறது. எவன் வீட்டு லிஃப்டிலாவது சிவப்பு விளக்கு எரிந்திருந்தால், கட்டடமே படியேறட்டும் என்று மெயினை இறக்கிவிட்டு, ஏன் எரிகிறது என்று தெரியும் வரை இடத்தைவிட்டு நகர மாட்டார். அப்படிப் பேர் வாங்கியவர். தன் வீட்டில், முழு சக்தியில் ஓடுகிறது அதனால்தான் சிவப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தூங்கும்போது கண்ணைக் கூசும் என்று அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினார்.

நூலோடு திரும்பிய மனைவியைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். “எண்ணிப் பாரு.”

அவள் எண்ணினாள். பிறகு சுவரைப் பார்த்தாள். “தம்பி தள்ளி வைக்கச் சொன்னானே?”

“உன் தம்பி பார்சல் போடறவன். நான் ஆளுங்களை ஏத்தி இறக்கினவன்.”

“கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

“அஞ்சு கோடு நிக்குது, அப்புறம் என்ன கூப்பிட்டுப் பாக்கறது? டேங்க் நிறைஞ்சு வழியுது, குழாயைத் திறந்து பாக்கணும்கறியே.”

அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவளும் சிரித்தாள். அன்று மதியம் அவர் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்குவதைக் கேட்டுக்கொண்டே அவள் ஒரு கட்டுச் சீருடையைத் தைத்து முடித்தாள்.

சில நாள் கழித்துத் தம்பி வாசலில் வேனை நிறுத்தி, இறங்காமலேயே கத்தினான். “அக்கா, உனக்கும் மாமாவுக்கும் என்ன ஆச்சு? எப்ப அடிச்சாலும் தொடர்பு எல்லைக்கு வெளியேங்கறா!”

“எங்க வீட்டுல அஞ்சு கோடுடா! உன் போனை மாத்து முதல்ல!”

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. அவன் போய்விட்டான். டயாலிசிஸுக்குப் போகிற நாட்களில், பஸ் நிறுத்தம் வந்ததும் மெக்கானிக்கின் போனில் மணி மணியாகச் செய்திகள் விழும். இன்னார் உங்களை அழைத்தார், இன்னார் உங்களை அழைத்தார். “ரெண்டு நாள் கழிச்சு அனுப்பறான் பாரு, சோம்பேறிப் பய,” என்று கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டுப் பஸ் ஏறுவார்.

மாடி அக்கா தெருமுனைக்குப் போய் நிற்பதைத் தையல்காரி முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கடைப் பக்கத்தில், விளக்குக் கம்பத்தை ஒட்டி, காதில் போனை அமுக்கிக்கொண்டு ஒரு விரலால் மறு காதைப் பொத்தியபடி அக்கா நிற்பாள். வெயிலிலும் நிற்பாள். வாகனங்கள் போகும்போது பேச்சை நிறுத்திக் காத்திருப்பாள்.

ஒரு டயாலிசிஸ் நாளில் அவர் போனை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, தையல்காரி தைத்த துணிகளை இஸ்திரி போட உட்கார்ந்தாள். படுக்கையறையில் இருந்ததே ஒரு பிளக். பூஸ்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே மாடி அக்காவின் போன் டிங் என்றது. இன்னொரு டிங். நிற்காமல் ஏழெட்டு. பிறகு மணியே அடித்தது. அக்கா ஓடிவரும் காலடிச் சத்தம் கூரையில் தடதடத்தது. “வந்துட்டீங்களா? எந்த ஊருங்க? சாப்பிட்டீங்களா?” ஒவ்வொரு வார்த்தையும் கீழே கேட்டது.

தையல்காரி இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். தற்செயலாகவும் இருக்கலாம். அவள் பூஸ்டர் ஒயரைத் திரும்பச் செருகினாள்.

“ஹலோ? ஏங்க, கேக்குதா? ஹலோ... ஹலோ?” மாடியில் காலடி ஜன்னலுக்குப் போயிற்று. பிறகு கதவு, படி, கேட். விளக்குக் கம்பத்தை நோக்கி அக்கா செருப்பில்லாமல் ஓடுவது ஜன்னல் வழியே தெரிந்தது.

தையல்காரி ஒயரைப் பிடுங்கினாள். அக்கா போய்ச் சேர்ந்து பேசி முடித்து வரும் வரை பிடுங்கியே வைத்திருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. தன் வீட்டு ஐந்து கோடும் மாடி வீட்டிலிருந்து வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் கணக்குப் போட்டாள், பாவம். நாம் எடுத்துக்கொண்டதால் அவர்களுக்கு இல்லை. அப்படியானால் நமக்கு நிச்சயம் இருக்கிறது.

அவரிடம் சொன்னால் கழற்றி விடுவார். அல்லது திருகைக் குறைப்பார், மறுபடி இரண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பார். இரண்டையும் அவளால் தாங்க முடியாது. அக்காவுக்குப் பேச்சு. இவருக்கு உயிர். அதனால் அவள் தனக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். அவர் டயாலிசிஸுக்குப் போகிற நாளில் பெட்டியை அணைத்து வைப்பாள். மற்ற நாட்களில் ஓடட்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரண்டாவது நம்பரும் அவள் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. முதல் நம்பரில் ஐந்து கோடு இருக்கும்போது இரண்டாவது நம்பர் எதற்கு என்று அதை ஒதுக்கினாள்.

மறுவாரம் மாடி அக்கா, பிரிந்துபோன ஒரு பை ஜிப்பை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். மெக்கானிக் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டுல டவர் எப்படிம்மா இருக்கு?”

தையல்காரி ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். “வழக்கம் போலத்தான்க்கா.”

“எனக்கு சுத்தமா போச்சு. சில நாள் நல்லா இருக்கு, சில நாள் அடியோட செத்துப்போகுது. கடைக்காரன்கிட்ட காட்டினேன், போன்ல கோளாறு இல்லேங்கறான். பக்கத்துல யாராவது ஏதாவது மெஷின் வெச்சிருந்தா இப்படி ஆகும்ங்கறான். நீங்க ஏதும் புதுசா வெச்சிருக்கீங்களா?”

“இல்லக்கா. நாங்க எதுவும் வைக்கலையே.”

“சும்மாதான் கேட்டேன். நீ தப்பா நினைக்காதே.” அக்கா எழுந்தாள். “அவரு நாலு மாசமா கடல்ல. போன வாரம் பேசும்போது பாதியில போச்சு. ஏன் போனை வெச்சேன்னு கோவிச்சுக்கறாரு. நான் எங்க வெச்சேன்? சரி, உன் வீட்டுக்காரருக்கு எப்ப கூப்பிடுவாங்களாம்?”

“எப்ப வேணா கூப்பிடுவாங்களாம்.”

“வரும். எனக்கு மனசுல படுது.”

அக்கா போனதும் தையல்காரிக்குக் காது இரண்டும் சுட்டது. ஜிப்புக்குக் காசு வாங்கக் கூடாது என்று முடிவு செய்தாள். அதனால் மனசு கொஞ்சம்கூட லேசாகவில்லை. தைக்காத ஒரு கறுப்புத் துணியை எடுத்துப்போய்த் திரைச்சீலை மாதிரி பெட்டியின்மேல் மாட்டினாள். “இது என்னத்துக்கு?” என்றார் விழித்துக்கொண்ட மெக்கானிக். “தூசி படியுதுங்க,” என்றாள்.

அதற்கப்புறம் டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள். மெக்கானிக் அன்று கொஞ்சம் தெம்பாக இருந்தார். கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். ஐந்து கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனை நெஞ்சின்மேல் வைத்துத் தூங்கிப் போனார். தையல்காரி கூடத்தில் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டுச் சட்டைத் தோளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. வெயில் தாழ்ந்ததும் மாடியிலிருந்து அக்கா இறங்கி, போனைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். கப்பல் துறைமுகம் வருகிற நாள் போலிருக்கிறது என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள். அணைத்துவிடலாமா என்றும் நினைத்தாள். அவர் தூக்கம் கலையும் என்று விட்டுவிட்டாள்.

அக்கா திரும்பி வந்தபோது ஓடி வந்தாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு நேரே இவர்கள் வீட்டுக்குள் வந்து, கூடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். முகம் முழுக்க வியர்வையும் கண்ணீருமாக இருந்தது.

“அக்கா, என்ன ஆச்சு? அவருக்கு ஏதாவது...?”

“ஆஸ்பத்திரி,” என்றாள் அக்கா. “ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டிருக்காங்க. முனைக்குப் போனதும் டிங்டிங்னு வந்துது. பாத்தா ஒரே நம்பர். நான் திருப்பி அடிச்சேன். மத்தியானம் அரை மணி நேரம் ரெண்டு நம்பரும் மாத்தி மாத்தி அடிச்சோம், ரெண்டுமே கிடைக்கலைங்கறாங்க. நான் கெஞ்சினேன், இதோ கூட்டிட்டு வந்துடறேன், பக்கத்துலதான்னு கெஞ்சினேன். போயிடுச்சாம்மா. வேற யாருக்கோ குடுத்தாச்சாம்.”

தையல்காரியின் கையிலிருந்து கோட்டு நழுவியது. அவள் அதை எடுக்கக் குனிந்து, எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டு மெக்கானிக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கையில் போன் இருந்தது. அதையே பார்த்தார். “எனக்கு வரவே இல்லையே,” என்றார். “மத்தியானம் பூரா இங்கதானே இருந்துது. அஞ்சு கோடு. பாருங்க, இப்பவும் அஞ்சு.” அதை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா அதைப் பார்க்கவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “எல்லாம் என்னாலதான் தம்பி. உன் போன்ல ஏதோ ஆகும்னுதானே என் நம்பரைக் குடுத்தீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உதவணும். இந்தப் பாழாப்போன போன் செத்துக் கிடந்துதே. நான் மத்தியானமே முனையில போய் நின்னிருக்கலாம். வெயிலா இருக்கேன்னு இருந்துட்டேன். சோம்பல் பட்டுட்டேன். என்னை மன்னிச்சிரு தம்பி. என்னை மன்னிச்சிரும்மா.”

“ஐயோ, என்னக்கா இது, எழுந்திருங்க.” மெக்கானிக் குனிய முடியாமல் குனிந்து அவள் தோளைத் தொட்டார். “நீங்க என்ன பண்ணுவீங்க. டவர் இல்லாததுக்கு உங்களைச் சொல்ல முடியுமா? யாருக்கோ போயிருக்கு. அவங்களாவது நல்லா இருக்கட்டும். என் பேரு வரிசையில இருக்குல்ல. இன்னொண்ணு வராமலா போயிடும்?” சொல்லிக்கொண்டே வந்தவர் கதவுச் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அக்கா மறுபடி, “மன்னிச்சிரும்மா,” என்று தையல்காரியின் கையைப் பிடித்தாள்.

அந்தக் கை பட்டதைத் தையல்காரியால் பொறுக்க முடியவில்லை. விடுவித்துக்கொண்டு எழுந்தாள். அவரைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனாள். கறுப்புத் துணியை இழுத்துக் கீழே போட்டாள். ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாகப் பிடுங்கினாள். பிறகு அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், ஜன்னலில் இன்னும் இருந்த எவர்சில்வர் டம்ளருக்குள் நிற்கவைத்து, லேசாக வலப்பக்கம் சாய்த்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை பழகியதைச் செய்தது. ஐந்து கோடும் விழுந்து, ஒன்றுமில்லாமல் போய், பிறகு பழைய ஒற்றைக் கோடு வந்து நின்றது.

“என்னம்மா பண்றே?” என்றார் மெக்கானிக்.

“அக்கா,” என்றாள் தையல்காரி. குரல் அடுத்த அறைக்குக்கூடப் போகாத அளவுக்கு இருந்தது. அவள் திரும்ப வந்து அக்காவின் எதிரே நின்றாள். “அக்கா, நீங்க வந்து கேட்டீங்களே, ஏதும் வெச்சிருக்கோமான்னு. நான் இல்லேன்னு சொன்னேன்ல...”

அவள் முடிப்பதற்குள் சமையலறையில் டம்ளர் கடகடத்தது. போன் உள்ளே அதிர்ந்து, எவர்சில்வரில் மோதி மோதி ஒலித்தது. ஒரு செய்தி. இன்னொரு செய்தி. அடுத்தது. மூவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் முழுக்க வராதது எல்லாம் அந்த ஒற்றைக் கோட்டில் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

தன் வீட்டுப் போனும் செவிடாகத்தான் கிடந்தது என்று தையல்காரிக்கு அப்போதுதான் தெரிந்தது. மாடியிலிருந்து எடுத்துக்கொண்டோம் என்று நினைத்தாளே, எடுத்துக்கொண்டதுகூட இல்லை. இரண்டு பேருக்கும் இல்லாமல் செய்திருந்தார்கள்.

மெக்கானிக்குக்குக் கொஞ்சம்கூட விளக்கம் தேவைப்படவில்லை. தலைமாட்டுச் சுவரிடம் போய்ப் பெட்டியைப் பார்த்தார். நகத்தால் அந்தக் கறுப்பு டேப்பை உரித்தார். அடியில் விளக்கு அணைந்திருந்தது. திருகின்மேல் விரலை வைத்து, அது எங்கே நிற்கிறது என்று தடவிப் பார்த்தார். “ரெண்டு ஆன்டெனாவும் ஒண்ணோட ஒண்ணு கத்திட்டே இருந்திருக்கு. நான்தான் திருகினேன்,” என்றார். “சிவப்பு எரிஞ்சுது. நான்தான் ஒட்டினேன்.” கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா எழுந்து அறை வாசலுக்கு வந்திருந்தாள். வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். தரையில் கிடந்த கறுப்புத் துணியைப் பார்த்தாள். பிறகு தையல்காரியை. திட்டுவாள் என்று தையல்காரி காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அக்காவின் கையில் போன் அடித்தது. அவள் திடுக்கிட்டு அதைப் பார்த்தாள். இந்த வீட்டுச் செய்தியைச் சொல்ல ஓடிவந்ததில், முனையில் காத்திருந்த அழைப்பை அவள் விட்டுவிட்டு வந்திருந்தாள். கப்பல்காரர் விடாமல் முயன்றுகொண்டிருந்திருக்கிறார். அது இரண்டு மூன்று தடவை அடிக்கும் வரை அவள் எடுக்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சமையலறை ஜன்னலோரம் நகர்ந்து, பழக்கத்தில் ஒரு விரலால் மறு காதைப் பொத்தினாள். அதற்குத் தேவையில்லை என்று தெரிந்து விரலை எடுத்தாள்.

“சொல்லுங்க,” என்றாள். கண் தையல்காரியின் மேலேயே இருந்தது. “ம்... கேக்குது. நல்லா கேக்குது. இல்லங்க, தெருவுல இல்ல. வீட்டுக்குள்ளதான் நிக்கறேன்.”